புறம்போக்கில் நின்ற கல்

சகலை குடும்பத்தோடு வந்து மூன்று நாள் தங்கி, ஊரையும் மலையையும் நிதானமாகச் சுற்றிப் பார்க்கப் போகிறார் என்று கடிதம் வந்தது. நான் செய்த முதல் காரியம், தட்டச்சுப் பொறியில் கார்பன் தாள் வைத்து நான்கு படிகளாக ஒரு நிகழ்ச்சி நிரல் அடித்ததுதான். எண்பதுகளின் தொடக்கம். போடிநாயக்கனூரில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தராக இருந்தேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அலுவலகத்தின் மேல் பழி போடுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

சகலை என் மனைவியின் அக்காள் கணவர். மதுரையில் ஒரு கல்லூரியில் சரித்திரம் கற்பித்தார். எங்கள் இருவருக்கும் ஒரே வீட்டில் பெண் எடுத்ததைத் தவிர வேறு பொருத்தம் இல்லை. மாமனார் வீட்டில் அவர் பேசினால் எல்லோரும் கேட்பார்கள். நான் பேசினால் யாராவது எழுந்துபோய் வெற்றிலைத் தட்டை எடுத்து வருவார்கள். ஆகவே இந்த மூன்று நாளும் என் ஊர், என் ஆட்சி என்று நினைத்திருந்தேன்.

நிரலை மனைவியிடம் காட்டினேன். முதல் நாள் நகர் உலா, இரண்டாம் நாள் குரங்கணி, மூன்றாம் நாள் போடிமெட்டு. ஒவ்வொன்றுக்கும் மணி, நிமிடம்.

"நாலு மணியிலேருந்து நாலு நாப்பது வரைக்கும் இளைப்பாறுதல்னு போட்டிருக்கீங்களே. அதுக்கு மேல மூச்சு வாங்குச்சுன்னா உங்ககிட்ட மனு குடுக்கணுமா?" என்றாள்.

முதல் நாள் எல்லாம் நிரல்படியே நடந்தது. ரயிலில் வந்து இறங்கியவர்களை நிலையத்திலிருந்தே நடத்திக் கூட்டிப்போனேன். இதற்கப்பால் தண்டவாளம் கிடையாது, மலைதான் என்று காட்டினேன். ஏலக்காய்க் கடைத் தெருவில் நுழைந்ததும் சகலையின் மனைவியான அண்ணி மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றுவிட்டார். சரக்குக் கிட்டங்கிகளுக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய காய் ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம், வெடித்தது தனி. ஜமீன் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தோம். மாலையில் மலைக்கோயில் படியேறி, கீழே ஊரையும் இலவ மரத் தோப்புகளையும் பார்த்தபடி உட்கார்ந்தோம். அரண்மனை பற்றி நான் சொன்ன நான்கு செய்திகளில் மூன்று தவறு என்று சகலை அங்கேதான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணியும் என் மனைவியும்கூடச் சிரித்தார்கள்.

இரண்டாம் நாள் ஜீப்பில் குரங்கணி போனோம். அந்தக் காலத்தில் மலைக்கு மேலே தேயிலைப் பெட்டி ஏற்றி இறக்கிய கம்பிவடப் பாதையின் மிச்சங்கள் அங்கே உண்டு. துருப்பிடித்த இரும்பும் சில தூண் அடிகளும். சகலை அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஓடையை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். காப்பிச் செடிகள், மிளகுக் கொடி சுற்றிய மரங்கள், நிழலில் ஏலச் செடிகள். தண்ணீர்ச் சத்தம் கூடவே வந்தது. அந்த ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் வெல்ல முயலவில்லை. அந்தப் பயணத்தில் நான் உண்மையாக இளைப்பாறியது அப்போதுதான். நிரலில் அது இல்லை.

பாதை ஒரு சிறு தோட்டத்துக்குள் நுழைந்தது. ஒரு குடிசை. அதன் முன்னால் இடுப்புயரத்தில் ஒரு பலகைக் கல். அதில் ஒரு மனிதன் பன்றியை ஈட்டியால் குத்துவதுபோல் செதுக்கியிருந்தது. எண்ணெயும் மஞ்சளும் ஏறி முகம் மழுங்கியிருந்தது. கல்லின் காலடியில் ஒரு பிடி ஏலக்காய் காய்ந்து கிடந்தது.

தோட்டக்காரர் எங்களைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்தார். ராசிங்காபுரத்து விவசாயி. கீழே நிலம் உண்டு, காய் எடுக்கும் பருவத்தில் குடும்பத்தோடு மேலே வந்துவிடுவார்.

"வாங்கய்யா, வாங்க. ஏறி வந்திருக்கீக, கடுங்காப்பி குடிச்சிட்டுப் போங்க. ஏத்தா, அந்தப் பாயைக் கொண்டா."

அவர் மனைவி பாயை விரித்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. முடி கண்ணை மறைத்துத் தொங்கியது.

"இது யாரு?" என்று சகலை கல்லைக் காட்டிக் கேட்டார்.

"எங்க அய்யன். பன்னியக் குத்தி இந்தக் காட்டைக் காப்பாத்துனவரு. மொதக் காய் அவருக்குத்தான். அவருக்கு வைக்காம ஒரு காய உலத்துனதில்ல."

"இந்தப் புள்ளைக்குக் கார்த்திகையில முடி எறக்கணும்ணே. மூணு வயசு நடக்குது. எங்க வீட்டுல எல்லாத்துக்கும் இவரு முன்னாடிதான் மொட்டை" என்றாள் அந்தப் பெண் என்னிடம். அண்ணன் என்று அவள் என்னை அழைத்தது அந்தப் பக்கத்து வழக்கம். நான் அதைக் கவனிக்கவுமில்லை.

சகலை கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். சில நூறு வருடத்துக் கல் என்றார். மழையில் இப்படியே நின்றால் கரைந்துவிடும் என்றும், இதையெல்லாம் முறையாகக் காப்பாற்ற நாதியில்லை என்றும் சொன்னார். காப்பி குடித்துவிட்டு இறங்கினோம். இறங்கும்போது அந்தத் தோட்டத்தின் எல்லைக்கல் என் கண்ணில் பட்டது. தொழில் பழக்கம். பலகைக் கல் எல்லைக்குள்ளே, தாராளமாகப் பத்தடி உள்ளே, அவருடைய பட்டா நிலத்தில் நின்றது.

மூன்றாம் நாள் போடிமெட்டு. கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் திரும்பும்போதெல்லாம் பள்ளத்தாக்கு ஒரு முறை இடதுபக்கமும் ஒரு முறை வலதுபக்கமும் வந்து போனது. எதிரே எஸ்டேட் ஆட்களை ஏற்றிய ஜீப்புகள். மேட்டில் ஒரு டீக்கடையில் நின்றோம். மலையாளமும் தமிழும் கலந்து டீ வந்தது. கீழே வெயிலில் போடி ஒரு கைப்பிடி வெள்ளைக் கற்களைப் போலக் கிடந்தது.

சகலை டீயை ஆற்றிக்கொண்டே, "அந்தக் கல்லை அங்கேருந்து எடுத்துப் பத்திரமா ஒரு அருங்காட்சியகத்துல வைக்கணும். ஆனா உங்க ஆபீசு மூலமா ஒரு கல்லை நகர்த்த எத்தனை வருசம் ஆகும் சகலை? என் பேரன் வந்து பார்ப்பானா?" என்றார்.

அண்ணி சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் உறைத்தது.

"பதினஞ்சு நாள்" என்றேன்.

"பார்ப்போம்."

"பார்த்துக்கிட்டே இருங்க."

அவர்கள் ரயிலேறிய மறுநாள் குறிப்பு எழுதினேன். பட்டா நிலத்தில் இருக்கும் பொருளை எடுக்க உரிமையாளர் சம்மதம் வேண்டும். அவரை அழைத்து, விசாரித்து, வாக்குமூலம் வாங்கி, அவர் மறுத்தால் மேலே எழுதி என்று அது ஒரு வருடம் ஓடும். புறம்போக்கில் இருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஓர் அறிவிப்பு ஒட்டினால் போதும். 'மேற்படி கல், மேற்படி பட்டா நிலத்தின் எல்லைக்கு வெளியே, புறம்போக்கில், கவனிப்பாரற்று நிற்கிறது' என்று எழுதினேன். என் கையெழுத்து அந்த அலுவலகத்திலேயே அழகானது. அதிகாரி புதியவர். என் குறிப்புகளைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார், அவ்வளவு நம்பிக்கை.

பன்னிரண்டாம் நாள் எட்டுச் சுமைக்காரர்கள் கம்பு கட்டித் தூக்கிப் பாதை வரை கொண்டுவந்து, ஜீப்பில் ஏற்றி, அலுவலக வளாகத்தில் வேப்ப மரத்தடியில், சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். நான் மலைக்குப் போகவில்லை. போன பியூன் வந்து சொன்னார்.

"அந்த ஆளு தகராறு பண்ணல சார். சர்க்காரு சொன்னா சரிதான்னு தள்ளி நின்னுக்கிட்டாரு. அந்தம்மாதான் கல்லு இருந்த குழியில ஒரு கொடம் தண்ணிய ஊத்துச்சு."

அறிவிப்பும் ஒட்டியாகிவிட்டது. உரிமை கோருகிறவர்கள் முப்பது நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் இடத்தை அளந்து பார்த்து, அவர்களுடையது என்றால் கல்லைத் திருப்பிக் கொண்டுபோய் நட்டுத் தர வேண்டும். அறிவிப்புப் பலகை அலுவலகத்துக்குள்ளே, என் மேசைக்கு எதிரே இருந்தது. தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் உள்ளே வந்தால் படிக்கலாம். அந்த மனிதருக்குப் படிக்கத் தெரியாது என்பது அவர் பட்டா மனுவில் வைத்திருந்த கைநாட்டிலிருந்தே எனக்குத் தெரியும்.

சகலைக்கு வெற்றிக் கடிதம் ஒன்று எழுதினேன். பதில் வந்தது. குழந்தைகளுக்கு ஜலதோஷம் என்று.

தோட்டக்காரர் முதல் முறை வந்தது, அறிவிப்பு ஒட்டிய ஐந்தாம் நாள். வாசல்படிக்கு வெளியிலேயே நின்றார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. தெரிந்த ஆள் ஒருவர் உள்ளே இருக்கிறார் அல்லவா.

"அய்யா, நம்ம வீட்டுல காப்பி குடிச்சவுகதான நீங்க? தப்பா நெனைக்காதீக. அவரை எப்பத் திருப்பிக் கொண்டாருவீக?"

"மேலிடத்துக்கு எழுதியிருக்கு" என்றேன்.

"நீங்க எழுதுனா சரிதான்."

அவர் தலைக்கு நேர் பின்னால் அந்த அறிவிப்பு தொங்கியது. அவர் ஆட்சேபம் கொடுத்தால் இடத்தை அளப்பார்கள். அளவுச் சங்கிலியின் முதல் இழுப்பிலேயே என் பொய் வெளியே வந்துவிடும். விசாரணை, விளக்கம் கேட்டல், சம்பள உயர்வு நிறுத்தம் என்று ஒவ்வொரு படியும் எனக்கு மனப்பாடம். பிறருக்கு நானே அவற்றைத் தட்டச்சு செய்திருக்கிறேன்.

இரண்டாம் முறை வந்தபோது ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொண்டுவந்தார். நான் வாங்கவில்லை. யாரிடமும் எதுவும் வாங்காதவன் என்பதில் எனக்கு அப்போது கர்வம் உண்டு. "இதெல்லாம் கூடாதுங்க, எடுத்துட்டுப் போங்க" என்று சற்று உரக்கவே சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு பழத்தைக்கூடத் தொடாத நேர்மையான மனுசர், அவர் நமக்காக எழுதிக்கொண்டிருக்கிறார் என்று ஊரில் சொல்லியிருக்கிறார். அது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

மூன்றாம் முறை, இருபத்திரண்டாம் நாள், மனைவியோடு வந்தார். கார்த்திகை பிறந்துவிட்டது. வயது நான்காகிவிட்டால் முடி இறக்க ஆகாது. கல் மேலே வராவிட்டால் பரவாயில்லை, நாங்களே கீழே வந்து இவர் முன்னால் செய்துகொள்கிறோம், அனுமதி வேண்டும் என்றார்கள். அலுவலகம் திறக்கும் முன் முடித்துக்கொள்ளலாம் என்றேன். ஒரு சலுகை அளித்த பெருமிதம்கூட எனக்கு இருந்தது என்பதை இப்போது மறைத்துப் பயனில்லை.

இருபத்தைந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு நானும் போய்விட்டேன். சைக்கிள்களைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். கல்லைக் கழுவி மஞ்சள் பூசி மாலை போட்டிருந்தது. மூன்று கல் கூட்டிப் பொங்கல் கொதித்தது. நாவிதர் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு வெயிலைப் பார்த்தார். தாய்மாமன் வரவில்லை. அந்தப் பெண்ணின் அண்ணன் மாநில எல்லைக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டில் வேலை பார்த்தார். அவர் ஏறிய ஜீப்பு மெட்டில் பழுதாகி நின்றுவிட்டதாக முந்தி வந்த ஜீப்பில் ஓர் ஆள் சொல்லிவிட்டுப் போயிருந்தான். மாமன் மடியில் வைக்காமல் முடி இறக்குவதில்லை.

"ராகு காலம் வருதுத்தா. வெரசா யாரையாவது உக்கார வைங்க, எனக்கு அடுத்த சோலி கெடக்கு" என்றார் நாவிதர்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க மடி குடுங்கண்ணே."

"நான் எப்படிம்மா..."

"எங்களுக்காக எழுதிக்கிட்டுத்தான இருக்கீக. கூடப் பெறந்தவன் வேற என்ன செஞ்சிருவான்?"

தெருவுக்கு எதிரே ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கடையிலிருந்து ஒரு மஞ்சள் கவுனை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார்.

"என்ன சார், மாமன் வெறுங்கையோடயா உக்காருவாரு? இதை முதல்ல கையில பிடிங்க. சபையில நம்ம தெரு மானம் போயிரும்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பலகையில், கல்லுக்கு எதிரே உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். முதலில் கத்தினாள், பிறகு என் சுட்டுவிரலை இறுகப் பிடித்துக்கொண்டு அடங்கிவிட்டாள். ஈர முடி கொத்துக் கொத்தாக என் வேட்டியில் விழுந்தது. எதிரே அந்த முகம் மழுங்கிய மனிதன் பன்றியைக் குத்திக்கொண்டிருந்தான்.

இன்னும் ஐந்து நாள் இருந்தது. 'ஆட்சேபம் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.' ஏழு சொற்கள். எழுதத் தெரியாவிட்டால் நானே எழுதிக் கைநாட்டு வாங்கலாம், அதற்கும் முறை உண்டு. முடி இறங்கி முடிந்ததும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். முடிந்தது. சந்தனம் பூசினார்கள். கவுனைப் போட்டுவிட்டார்கள். அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். "அடடே, நம்ம தலைமை எழுத்தர் மாமனாகிட்டாரா!" என்று கை தட்டினார். எழுந்து நின்றேன். வேட்டியிலிருந்த முடியைத் தட்டினேன். அந்தப் பெண் வாழையிலையில் பொங்கல் வைத்துக் கொடுத்தாள். பழத்தை வாங்காதவன் பொங்கலை வாங்கிக்கொண்டேன். உள்ளே போய் அலமாரியைத் திறந்து அன்றைய கோப்புகளை எடுத்து வைத்தேன்.

அந்த ஐந்து நாளையும் நான் எண்ணினேன். முப்பத்தோராம் நாள் காலை அறிவிப்பைக் கிழித்துக் கோப்பில் சேர்த்து, 'ஆட்சேபம் ஏதும் வரப்பெறவில்லை' என்று எழுதினேன். அது மட்டும் உண்மை.

அருங்காட்சியகத்துக்கு எழுதியதற்குப் பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதங்கள் எழுதினோம். மழைக்குக் கரையக் கூடாது என்று கொண்டுவந்த கல் மழையிலேயே நின்றது. சைக்கிள்களை அதன் மேல் சாய்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து மாமனார் வீட்டில் சகலையிடம், அந்தக் கல்லைப் பற்றிக் கட்டுரை ஏதும் எழுதினீர்களா என்று கேட்டேன்.

"எந்தக் கல்லு சகலை?" என்றார். நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்துவிட்டிருந்தார்.

நான்கைந்து வருடத்தில் எனக்கு மாற்றல் வந்தது. ஆவணி மாதம். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலை நானே தயாரித்தேன். மர அலமாரி இரண்டு, உடைந்த நாற்காலி மூன்று, கல் ஒன்று. எழுதிவிட்டு வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜீப் பிடித்துக் குரங்கணிக்குப் போய், ஒற்றையடிப் பாதையில் தனியாக ஏறினேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வருவதென்று கிளம்பினேன்.

கல் இருந்த குழி அப்படியே இருந்தது. சுற்றிக் கூழாங்கற்கள் பதித்து மெழுகியிருந்தார்கள். குழிக்குள் அன்றைக்குப் பறித்த பச்சை ஏலக்காய் ஒரு பிடி. எட்டு வயதிருக்கும் ஒரு பெண் இரட்டைச் சடையோடு ஓடி வந்து நின்றாள்.

"உன் மாமாடி. உனக்கு மொதமொட்டைக்கு மடி குடுத்தவுக" என்றாள் தாய். அந்தப் பெண் வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னால் போனாள்.

அவர் பாய் விரித்தார். கடுங்காப்பி வந்தது. நான் பேச வாயெடுக்கும் முன் அவர் கேட்டார்.

"கீழ அவரு நல்லா இருக்காராய்யா?"

வெளியூரில் வேலைக்குப் போன பெரியவரைப் பற்றி விசாரிக்கும் குரல். "இருக்கார்" என்றேன். மாற்றலாகிப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். இருவர் முகமும் வாடியது. நான் போய்விட்டால் அய்யனுக்காக எழுத யாருமில்லை என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

கிளம்பும்போது அவள் குழியிலிருந்த காயை எடுத்து ஒரு தேக்கிலையில் மடித்துக் கொடுத்தாள். "மொத எடுப்புண்ணே. எத்தனையோ வருசமா இங்கன வச்சாலும் அவருகிட்டப் போய்ச் சேருதா என்னான்னு தெரியல. போறப்ப நீங்களே அவரு முன்னாடி வச்சிருங்க."

திங்கட்கிழமை காலை எல்லோரும் வருமுன் போய் வைத்தேன். சாய்ந்திருந்த ஒரு சைக்கிளை நகர்த்திவிட்டு, கல்லின் காலடியில் இலையை விரித்தேன். பிறகு உள்ளே போய்க் கோப்பில் ஒரு குறிப்பு எழுதினேன்: 'மேற்படி கல் இருந்த இடம் புறம்போக்கு எனத் தவறாகக் குறிக்கப்பட்டுவிட்டது.' யார் குறித்தார் என்று எழுதவில்லை. தெரிந்தே குறித்தார் என்றும் எழுதவில்லை. என் இடத்துக்கு வந்தவர் படித்துப் பார்த்தார். "பழைய விவகாரம் போலிருக்கே சார், முடிச்சு வச்சிரலாமா?" என்றார். அவர் முடித்து வைக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பதினோரு மணிக்கு எனக்குப் பிரிவுபசாரம். மாலை, இரண்டு பேச்சு, மிக்சர், டீ. பியூன் என் தம்ளரைத் தனியாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

"உங்களுக்குன்னு போட்டது சார். கல்லுகிட்ட பச்சை ஏலக்கா கெடந்துச்சு, மலைக்காய். தட்டிப் போட்டேன். எப்படி இருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குடித்தேன்.

"நல்லா இருக்கு" என்றேன்.